கடைசிப் பத்துப் பேர்

பயோடேட்டாவில் 'அனுபவம்' என்ற இடம் மட்டும் பல்லிளித்தது. தனசேகர் அங்கே தன் காலேஜ் புராஜெக்டையே கொட்டை எழுத்தில் அடித்து ஒப்பேற்றியிருந்தான்.

அருள்புரம் பனியன் கம்பெனி முதலாளி சுப்பண்ணன் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "ஏந்தம்பி, காலேஜுல பண்ணுனதெல்லாம் அனுபவமுங்களா? இங்க பண்ணிக் காட்டுங்க, புரோகிராமர் வேலை உங்களுக்குத்தான்."

செக்கிங் செக்‌ஷன் நோட்டை நீட்டினார். அதில் பெயர்கள் இல்லை. டோக்கன் நம்பரும் தினம் சரிபார்த்த பனியன் பீஸ் கணக்கும் மட்டும் இருந்தன.

"ரொம்ப மெதுவா வேலை செய்யற பத்துப் பேர எடுங்க, பாக்கலாம்."

தனசேகர் புரோகிராம் எழுதி, எண்களை விறுவிறுவென்று ஏற்றினான். பிரிண்டர் கிர்ரென்று பத்து நம்பர்களைத் துப்பியது.

"அட! என்ற மேனேஜருக்கு இது ஒரு வாரத்து வேலையாச்சே! நாளைக்கே சேந்துருங்க கண்ணு."

தனசேகர் கைகூப்பினான். "ரொம்ப நன்றிங்க."

சுப்பண்ணன் அருகில் நின்ற மேனேஜர் பக்கம் திரும்பினார். "இந்தப் பத்துப் பேரையும் நாளையிலிருந்து நிறுத்திருங்க. மொத நம்பர் முப்பத்தேழு, அது ஆரு?"

"மருதாளுங்க. கண்ணு சரியாத் தெரியறதில்லீங்க. பையன் கம்ப்யூட்டர் படிப்பு முடிக்கற வரைக்கும்னு கெஞ்சிட்டு இருந்துச்சுங்க."

"முடிச்சுட்டானா?"

மேனேஜர் உதட்டைப் பிதுக்கினார்.

"முடிச்சுட்டேனுங்க" என்றான் தனசேகர்.