தட்டிய சத்தம்

"இன்னிக்கு நிக்கப் போறோம்மா" என்று சொல்லிக்கொண்டே பிசியோதெரபிப் பெண் கட்டிலின் பக்கக் கம்பியை இறக்கினாள். "சார், நீங்க வாக்கர முன்னாடி புடிச்சுக்குங்க."

அவர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு மனைவிக்கு எதிரே நின்றார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. வாக்கரைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், சுவரில் ஒன்றுமே இல்லாத இடத்தைக்கூடப் பார்த்தாள்.

வலித்தால் நர்ஸிடம் சொல்கிறாள். பசித்தால் மகளிடம் சொல்கிறாள். அவரிடம் மட்டும் வாய்க்குப் பூட்டு.

அந்தப் பூட்டு ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்பே விழுந்தது. அவருடைய வாய்க்கொழுப்புதான் காரணம். சம்பந்தி வீட்டார் முன்னால், இவளுக்கு முழங்கால் மூட்டைப் புதுசாக மாற்றியும் நடை என்னவோ பழைய வாத்து நடைதான் என்று சொல்லிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள், அவளைத் தவிர.

அவர்கள் வீட்டில் பேச்சு நின்றால் பாத்திரங்கள் பேச ஆரம்பித்துவிடும். காபி தயார் என்றால் டம்ளர் ணங்கென்று மேசையில் இறங்கும். சாப்பிட வரலாம் என்றால் கரண்டி தட்டில் மோதும். முதலில் வாயைத் திறப்பவர் தோற்றவர். கல்யாணமான புதிதில் விளையாட்டாகத் தொடங்கியது, பேரன் பேத்தி எடுத்த பிறகும் விட்டபாடில்லை.

ஆஸ்பத்திரிக்கு வந்த அன்று காலை குளியலறையில் மக் வாளியில் மோதும் சத்தம் கேட்டது. டக், டக், டக்.

வெந்நீர் போதவில்லை போலிருக்கிறது, அதற்குத்தான் இத்தனை ஆர்ப்பாட்டம் என்று நினைத்தார். என்னங்க என்று ஒரு வார்த்தை கூப்பிட்டால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

சத்தம் விடவில்லை. பிறகு ஒரு கட்டத்தில் நின்றது. கோபம் தணிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு மறுபடி டிவி முன்னால் போய் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு கேட்டது அலறல்.

ஓடிப்போய்க் கதவைத் தள்ளினார். கதவு உடனே திறந்துகொண்டது. மூட்டு மாற்றியதிலிருந்து உள்ளே தாழ்ப்பாள் போடவே கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டவரே அவர்தான்.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து டாக்டர் காட்டினார். செயற்கை மூட்டு கல்லுக்குண்டு மாதிரி அப்படியே இருந்தது. அதற்குச் சற்று மேலே தொடை எலும்புதான் முறிந்து விலகியிருந்தது. நீளமாகத் தகடு வைத்து, திருகு போட்டு, எலும்பைச் சுற்றிக் கம்பியும் கட்ட வேண்டும் என்றார். விழுந்தபோது வெறும் விரிசலாகத்தான் இருந்திருக்கும், தானாக எழுந்து நிற்கப் பார்த்ததில்தான் இப்படி விலகியிருக்கிறது, யாராவது பக்கத்தில் இருந்து அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தால் ஒருவேளை இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார்.

டிவி ஓடிக்கொண்டிருந்ததில் ஒன்றுமே காதில் விழவில்லை என்று அவர் மகளிடம் சொன்னார்.

மகள் நம்பினாள். ஆயுசெல்லாம் பஸ் எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டியவருக்குக் காது மந்தமாகாமல் என்ன செய்யும் என்று அவளே காரணமும் கண்டுபிடித்தாள். காது டாக்டரிடம் நேரமும் வாங்கி வைத்துவிட்டாள். மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாயில்லை.

மனைவிக்கு முகம் துடைத்துவிட்டார், தலை வாரிவிட்டார், கஞ்சி ஊட்டினார். கரண்டி வந்தால் அவள் வாயைத் திறப்பாள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு புருஷனா, கொடுத்து வைத்தவங்க என்று நர்ஸுகள் அவர் காதுபடப் பேசினார்கள். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிறவன் தான்தான் என்று அவருக்குத் தெரியும். அந்தப் புகழ்ச்சியைக் கேட்கும்போதெல்லாம் எங்காவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

பிசியோதெரபிப் பெண் மனைவியின் இடுப்பில் பெல்ட்டைக் கட்டி, அதைப் பிடித்துத் தூக்கினாள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். முறிந்த காலின் விரல்கள் மட்டும் தரையைத் தொடலாம், பாரம் போடக் கூடாது. பாரம் முழுவதும் கைகளுக்கு வந்தது. வாக்கரின் பிடியில் ஏற்கெனவே அவருடைய கைகள் இருந்ததால், அவற்றின் மேலேயே அவள் ஊன்றினாள்.

நின்றுவிட்டாள். நெற்றியெல்லாம் வியர்வை. மூச்சு அவர் முகத்தில் பட்டது.

அந்தப் பெண் ஒரு கையால் பெல்ட்டைப் பிடித்தபடியே குனிந்து, பாதம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இனிமேலும் ஜெயித்து என்ன ஆகப் போகிறது என்று அவருக்குத் தோன்றியது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அன்னிக்கு நீ தட்டுனது எனக்குக் கேட்டுச்சு."

அவரால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று காத்திருந்தார், திட்டினால் போதும் என்றுகூட இருந்தது. அவள் குரலில் கோபமே இல்லை.

"தெரியும். கதவு வரைக்கும் வந்து நின்னீங்க. கீழ இடுக்குல உங்க கால் தெரிஞ்சுது. உள்ள வரப் போறீங்கன்னுதான் தட்டறத நிறுத்துனேன்."