பலாத்தோலும் கல்லுப்பும்

"இதோ பாருங்க மேடம், போட்டோவே எடுத்து வெச்சிருக்கறேன்."

வன அலுவலகத்தில் மோகனசுந்தரம் செல்போனை நீட்டினார். பாரஸ்டர் நிமி வாங்கிப் பார்த்தார். ஒரு பாறைமேல் பலாத்தோல், பக்கத்தில் கல்லுப்பு. அதை நக்கிக்கொண்டு நாலைந்து புள்ளிமான்கள்.

"பக்கத்துத் தோட்டத்து நாச்சம்மாளோட வேலைங்க. ஒரு மாசமா தினமும் சாயங்காலம் கொண்டுவந்து வெக்கறாங்க. நடுவுல நிக்கறதைப் பாருங்க, கொம்பு ஒரு கை நீளம் இருக்கும். அதுக்குத்தான் குறி."

"கொம்பு நீளமா இருந்தாலும், கொம்பே இல்லாட்டியும், மானைத் தொட்டா ஜெயில்தான்" என்றார் நிமி. "தீனி வெச்சு வரவழைக்கறதையும் சட்டம் வேட்டைன்னுதான் சொல்லுது. வாங்க, பார்ப்போம்."

கொல்லங்கோட்டு மலையடிவாரத்தில் அந்த இரண்டு தோட்டங்களும்தான் கடைசி. அதற்கப்பால் காடு.

நாச்சம்மாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். ஜீப்பைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"மானுக்குத் தீனி வெச்சது நீங்களா?"

"நான்தானுங்க."

"எதுக்கு?"

"வாயில்லாத ஜீவனுங்க... பசிக்குமேன்னு."

"காடு முழுக்கப் பச்சையாக் கெடக்குது. அங்க இல்லாத தீனியா?" மோகனசுந்தரம் சிரித்தார்.

நாச்சம்மாள் மாட்டை இழுத்துக் கட்டினார்.

நிமியோடு வந்த வாட்சர்கள் வீட்டுக்குள் தேடினார்கள். பரண், மாட்டுக்கொட்டகை, வைக்கோல்போர். துப்பாக்கி இல்லை, கண்ணி இல்லை, ஒரு துண்டுக் கொம்புகூட இல்லை.

"இந்தத் தடவை எழுதி வாங்கிட்டு விடறேன். இனி ஒரு நாள் வெச்சாலும் கேஸ்."

"இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் வெச்சுக்கட்டுங்களா?"

"அம்மா! இவ்வளவு நேரம் நான் என்ன சொன்னேன்?"

நாச்சம்மாள் கையெழுத்துப் போட்டார். ஜீப் கிளம்பிப் போனது.

ஜெயித்த தெம்பில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார் மோகனசுந்தரம்.

"மோகனு, நில்லு."

திரும்பிப் பார்த்தார். வரப்புத் தகராறில் ஏழு வருஷமாக அவரோடு பேசாத நாச்சம்மாள் வேலியோரம் வந்து நின்றிருந்தார்.

"உன்ற கடலைக்காட்டுக் கம்பிவேலிக்குத் திருட்டுத்தனமா கரண்ட்டு விட்டிருக்கறயே, பொழுது சாயறதுக்குள்ள அதைக் கழட்டிப்போடு."

மோகனசுந்தரம் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். "அது... அது உங்களுக்கு எப்படி..."

"ஒரு மான் அதுல மாட்டிச் செத்தாலும் உன்னைப் புடிச்சுட்டுப் போயிருவாங்க, உன்ற பொண்டாட்டி புள்ளைங்க நடுத்தெருவுல நிக்கும்னுதான், ஒரு மாசமா அதுகளை இந்தப் பக்கம் திருப்பிட்டிருந்தேன். இனிமே என்னால முடியாதப்பா, கையெழுத்து வாங்கிட்டாங்க."