குறுக்கே நிற்காதவள்

"தம்பி குருமடத்துக்குப் போகக் கூடாது ஃபாதர். நான் கையெழுத்துப் போட மாட்டேன்!"

பாதிரியார் ஆவதற்குப் படிக்கும் குருமடத்துக்குச் சம்மதக் கையெழுத்து வேண்டும் என்று பங்குத்தந்தை வாயெடுத்ததுமே அக்கா பொரிந்து தள்ளினாள். அம்மா போன பிறகு தம்பியைத் தாயாக இருந்து வளர்த்தவள் அவள்தான். பாடகர் குழு, ஜெபக்கூட்டம் என்று அவன் கோயிலே கதியாகக் கிடந்தபோதே அவளுக்கு இந்தச் சந்தேகம் வந்துவிட்டது.

"கொஞ்சம் பேச விடும்மா."

"என்ன பேச்சு? அவன் என்னத்தைக் கண்டான்? கல்யாணம் பண்ணி, ஒருத்தியோட வாழ்ந்து, ரெண்டு பிள்ளைகளைப் பெத்து ஆளாக்கட்டும். அப்புறம் சாமியாராப் போகட்டும். நான் குறுக்கே நிக்க மாட்டேன்!"

அடுப்படியில் டம்ளர் ஒன்று விழுந்து உருண்டது. அப்பா அங்கே டீ போட்டுக்கொண்டிருந்தார்.

ஃபாதர் விண்ணப்பத்தை மெல்ல அவள் பக்கம் திருப்பி வைத்தார். அதோடு அம்மாவின் இறப்புச் சான்றிதழ் இணைக்கப்பட்டிருந்தது. 'பிள்ளைகளின் சம்மதம்' என்ற இடத்தில் தம்பி ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தான்.

"குருமடத்துக்குப் போறேன்னு கேட்டிருக்கிறது தம்பி இல்லம்மா. உங்க அப்பா."

அவள் திரும்பினாள். டீத் தட்டோடு அப்பா நின்றிருந்தார்.

"குறுக்கே நிக்க மாட்டேன்னு இப்பத்தானே சொன்னே, பாப்பா?"