நிறம் வந்த பிள்ளை

பூங்காவனத்தின் இரண்டு வயது மகள் தனுஷ்காவுக்கு நிறம் வந்துவிட்டதென்று சொந்தக்காரர்கள் பேசாத கல்யாண வீடில்லை. "யாரக் கொண்டுடி இவ இப்படி வெளுத்தா? நம்ம கூட்டத்துலயே கெடையாதே!" என்று கன்னத்தைக் கிள்ளினார்கள். தன்னைப் பெண்பார்க்க வந்தவர்கள் பலரும் 'பொண்ணு கறுப்பு' என்று காப்பியைக்கூடத் தொடாமல் எழுந்துபோனதைப் பார்த்தவள் பூங்காவனம். மகளுக்கு நிறம் வந்த பேச்சே அவளுக்கு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. பிள்ளை ஓடியாடாமல் மூலையில் குந்திச் சுவரைச் சுரண்டித் தின்றபோதும், சாதுப் பிள்ளை என்றுதான் சொல்லிக்கொண்டாள்.

தடுப்பூசி போட பால்வாடிக்கு வந்த நர்ஸ், பிள்ளையின் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். உள்ளே சிவப்பே இல்லை.

"நெறமாவது மண்ணாவது! ஒடம்புல ரத்தமே இல்லக்கா. இப்படியே விட்டா பிள்ள தேறாது. இரும்புச்சத்து மருந்து தர்றேன், தெனமும் குடு. முட்டை, ஈரல், கீரை எல்லாம் குடு. பழையபடி ஆயிடுவா."

மருந்தை வாங்கிக்கொண்டு வாசல்வரை போன பூங்காவனம் திரும்பி வந்தாள். மற்ற தாய்மார்களுக்குக் கேட்டுவிடாதபடி குனிந்து கேட்டாள்.

"பழையபடின்னா... கறுத்துருவாளா சிஸ்டர்?"

அவள் தோளில் பிள்ளை வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.