கழுவாத புகை

ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லாரும் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

பள்ளிக்கூடத்துக்கு முதலில் ஓடி வந்தவன் அவன்தான். இருமிச் சுருண்டு கிடந்த பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வேனில் ஏற்றியவனும் அவன்தான். பதினோரு பிள்ளைகள்.

கண் இன்னும் எரிந்தது. தொண்டையில் தீக்குச்சி உரசிய நெடி.

உருக்காலையில் புகையைக் கழுவும் கோபுரத்தில் அவனுக்கு வேலை. உள்ளே சுண்ணாம்புக் கரைசல் விடாமழையாகக் கொட்டும். புகையிலிருக்கும் கந்தக வாயுவை அது பிடித்துக்கொள்ள, மிச்சம் சாதுவாக வானத்துக்குப் போகும்.

இன்று பத்து மணிக்குக் கரைசல் பம்ப் நின்றது. உலையை யாரும் நிறுத்தவில்லை. கழுவாத புகை காற்றோடு சாய்ந்து, தாழ்ந்து, நேராகப் பக்கத்துப் பள்ளிக்கூடத்து வகுப்பறைகளுக்குள் புகுந்தது.

“திடீர்க் கோளாறு” என்று மேனேஜர் கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவன் பக்கத்தில் நின்று தலையாட்டினான்.

பத்துப் பேர் தேறிவிட்டார்கள். கட்டிலில் உட்கார்ந்து பிஸ்கட்டுக்குச் சண்டை போட்டார்கள்.

பதினோராவது, நாலாம் வகுப்புக்காரி. ஏற்கெனவே இளைப்பு உள்ள பிள்ளை. அவன் தோளில்தான் கிடந்து வந்தாள். விசில் ஊதுவதுபோல ஒரு மூச்சு, வழி நெடுக, அவன் காதோரம். ஆஸ்பத்திரி வாசலில் அது நின்றது.

அவன் காதுக்குள் நிற்கவில்லை. விரலை விட்டுக் குடைந்து பார்த்தான். போகவில்லை.

அவளுடைய அம்மா பெஞ்சில் இருந்தாள். அழுது ஓய்ந்த குரலில், “கடைசியா நீங்கதாண்ணே அவளச் சுமந்தீங்க” என்றாள்.

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்போதுதான் அவன் மனைவி ஓடி வந்தாள். கையைப் பிடித்தபடி மகள். அதே நாலாம் வகுப்பு. வந்த வேகத்தில் அவள் யாரையும் கவனிக்கவில்லை.

“நல்லவேளைங்க, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாதேன்னு காலையிலயே சொன்னீங்க. ஆனா இவளுக்குக் காய்ச்சலே இல்லியே? தொட்டுக்கூடப் பாக்காம, உடம்பு சுடுதுன்னு எப்பிடிங்க சொன்னீங்க?”

அவன் மறுபடியும் காதுக்குள் விரலை விட்டான்.

பெஞ்சில் இருந்தவள் மெல்லத் தலையை நிமிர்த்தி, அந்தப் பதிலுக்காகக் காத்திருந்தாள்.