பதினேழாம் எண்: நலம்

ஆஸ்பத்திரிக் கூடத்துத் திரையில் பதினேழாம் எண்ணுக்கு நேரே ‘நலம்’ என்று போட்டிருந்தது.

பதினேழு என் தம்பி. டெய்லர். அவன் போய்ச் சேர்ந்து ஏழு மாதமாகிறது.

குடல் புற்றுநோய் ஈரலுக்குப் பரவியபோது, வயிற்றைப் பிளக்காமல் நாலே நாலு துளை போட்டு, கெட்டுப்போன துண்டை வெட்டி எடுத்தவர், திரைக்குப் பக்கத்தில் நிற்கிற இந்த டாக்டர்தான். நாலாம் நாள் வீட்டுக்கு வந்தவன் சட்டையைத் தூக்கிக் காட்டினான்.

“அண்ணே, காஜா எடுத்துட்டாங்க. பட்டனைத்தான் காணோம்.”

ஒரு வருடம் கழித்து நோய் மறுபடி தலையெடுத்தது. ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டேன் என்று அடம்பிடித்து, வீட்டிலேயே கண்ணை மூடிவிட்டான்.

அவன் பெயருக்குத்தான் அழைப்பிதழ் வந்தது. குணமானவர்கள் கூட்டமாம். கிழித்து முகத்தில் எறியலாம் என்று வந்திருந்தேன்.

டாக்டர் குச்சியால் திரையைத் தட்டினார். நாற்பது பேருக்குத் துளை வழியாகச் செய்ததில், இரண்டு வருடம் கழித்தும் முப்பத்தொரு பேர் உயிரோடு இருக்கிறார்களாம். அதிலும் பதினேழாம் எண் அதிசயமாம். போன மாதம் தண்ணீர்த் தொட்டியைத் தனியாளாக மொட்டைமாடிக்குத் தூக்கிப் போனாராம். அதற்கு முந்தின மாதம் ஓடுகிற பஸ்ஸை ஓடியே முந்தினாராம்.

எல்லோரும் கை தட்டினார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்குப் புத்தி எங்கே போச்சு? அத்தனை பேரும் படித்தவர்கள்.

எழுந்தேன்.

“அவன் செத்து ஏழு மாசம் ஆச்சுய்யா. செத்தவனை உயிரோட எழுதி வெச்சுக்கிட்டு கை வேற தட்டுறீங்களே, வெக்கமா இல்ல?”

டாக்டர், ஓரத்தில் நோட்டோடு உட்கார்ந்திருந்த நர்ஸைப் பார்த்தார். மாதாமாதம் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, எப்படியிருக்கிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்வது அவள் வேலை. என் தம்பியை அப்படிக் கேட்க இந்த உலகத்தில் வேறு யாரும் மிச்சமில்லை.

அவளுக்கும் கோபம்தான்.

“பெரியவரே, வாய்க்கு வந்ததப் பேசாதீங்க. போன வாரம்கூட சிரிக்கச் சிரிக்கப் பேசினாரு. இருங்க, இப்பவே கூப்பிடுறேன்.”

நோட்டில் விரலை வைத்துக்கொண்டு எண்ணை அழுத்தினாள்.

வேண்டாம்மா என்று சொல்ல வாயெடுத்தேன்.

தம்பி தைத்துக் கொடுத்த சட்டை. அதன் பைக்குள் தம்பியின் போன் அடித்தது.