ஜிபார் வீடு வரைக்கும்

சோனுன் கதவைத் திறந்தாள். வாசலில் மூன்று பெரியவர்கள் நின்றார்கள். பிஷ்கெக் நகரத்தில் பெரியவர்கள் மூன்று பேராகச் சேர்ந்து வந்தால், தேநீர் குடிக்க வந்திருக்கிறார்கள் என்று யாரும் நினைப்பதில்லை.

காலையில் எட்டாம் நம்பர் பஸ்ஸில் எவனோ பாவி குண்டு வைத்துவிட்டான். அவன் கை விளங்காமல் போக. டி.வி.யில் திரும்பத் திரும்ப அதே கருகின ஜன்னலைக் காட்டினார்கள். குடியிருப்பு மொத்தமும் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றது, யாருக்கும் லைன் கிடைக்கவில்லை.

"மருமகளே," என்றார் ஒமோர் பெரியவர். அந்தக் குடியிருப்பில் வாழ வந்த பெண்கள் எல்லோருமே அவருக்கு மருமகள்தான். "ஜிபார் வீடு வரைக்கும் வா. ஒரு கிண்ணம் தண்ணி எடுத்துக்க."

போன உயிர் திரும்பி வந்தது. அப்படியானால் சேதி ஜிபாருக்கு. எட்டாம் நம்பர் பஸ்ஸை ஓட்டுகிறவன் ஜிபாரின் புருஷன் குபாத் அல்லவா.

தன் புருஷன் எர்கின் தினமும் அதே குடியிருப்பில் இருக்கிற மிர்லானின் காரில் தொற்றிக்கொண்டு சந்தைக்கு வேலைக்குப் போகிறவன். பஸ் இருக்கிற பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டான். நல்லவேளை என்று நினைத்தாள். நினைத்த மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டில் இழவு விழுந்து கிடக்கிறது, இவளுக்கு நல்லவேளையாம். சீ, நானும் ஒரு மனுஷியா என்று தன்னையே திட்டிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

சாவுச் சேதியை அங்கே போனில் சொல்ல மாட்டார்கள். ஆளை உட்காரவைத்து, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து, தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் சொல்வார்கள். கேட்டவள் சரிந்தால் தாங்கிப் பிடிக்க நெருங்கின ஒருத்தி வேண்டும். ஜிபாருக்கு இந்த ஊரில் தன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? தனக்கும்தான் அவளை விட்டால் யார்?

கிண்ணத்தில் தண்ணீர் பிடிக்கும்போது பாதி கீழே சிந்தியது. மறுபடி பிடித்தாள். ஒமோர் பெரியவரே ஆணியில் தொங்கிய கோட்டை எடுத்து அவள் தோளில் போர்த்திவிட்டார். மாமனார் முறை ஆள் இதெல்லாம் செய்கிறாரே என்று கூச்சமாக இருந்தது.

முற்றத்தில் பனி கெட்டிப்பட்டுக் கிடந்தது. அவள் வழுக்கி விழாமலிருக்க மற்ற இரண்டு பெரியவர்களும் ஆளுக்கொரு பக்கமாக ஒட்டி நடந்தார்கள். மரத்தடியில் மிர்லானின் கார் நின்றது, ராத்திரி பெய்த பனி அதன் தலையில் ஒரு ஜாண் உயரத்துக்கு அப்படியே உட்கார்ந்திருந்தது.

ஓகோ, குண்டு வெடித்ததும் இரண்டு பேரும் பாதி வழியிலேயே திரும்பிவிட்டார்கள் போல. எர்கின் இந்நேரம் மிர்லான் வீட்டில் உட்கார்ந்து வாய் ஓயாமல் கதை அளந்துகொண்டிருப்பான். இங்கே ஒருத்தி பதறிக்கொண்டிருப்பாளே, ஒரு எட்டு வந்து தலையைக் காட்டுவோம் என்று தோன்றுகிறதா அந்த மனுஷனுக்கு? வரட்டும், வைத்துக்கொள்கிறேன் என்று நினைத்தாள்.

பிறகு குபாத்தின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. நேற்று சாயங்காலம்கூட இதே மரத்தடியில் நின்று எர்கினைச் சீண்டிக்கொண்டிருந்தான். "கார்ல போற பெரிய மனுஷா, ஒரே ஒரு நாள் என் பஸ்ல ஏறேன்டா. உனக்கு நல்ல சீட்டாப் பிடிச்சுத் தரேன்."

அப்படிப்பட்டவன் போய்விட்டான். அவன் பெண்டாட்டியிடம் என்னவென்று சொல்வது? அழாதே என்று சொல்லக் கூடாது, அது அழுகிறவளுக்குச் செய்கிற துரோகம். திடமா இரு என்றுதான் அங்கே சொல்வார்கள். அதையே வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தபடி நடந்தாள். எத்தனை தரம் சொன்னாலும் அது வெறும் வார்த்தையாகவே இருந்தது.

தட்டுவதற்கு முன்பே ஜிபார் கதவைத் திறந்தாள். கண் இரண்டும் வீங்கிச் சிவந்திருந்தன. பாவம், அதற்குள் எப்படியோ தெரிந்துவிட்டதா?

சோனுன் உள்ளே நுழைந்து, அவள் கையைப் பிடித்து, கிண்ணத்தை நீட்டினாள். "திடமா இரு ஜிபார். முதல்ல ஒரு வாய் தண்ணி குடி."

ஜிபார் கிண்ணத்தை வாங்கவில்லை. அவளை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள். அவள் தோளுக்கு மேலாக சோனுன் பார்த்தாள்.

சுவரோரமாகத் தரையில் குபாத் உட்கார்ந்திருந்தான். தலையில் கட்டு, சட்டையெல்லாம் புகைக் கறை. உயிரோடு இருந்தான்.

சோனுனுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "குபாத் அண்ணா, நீங்க நல்லா இருக்கீங்களா? நான் என்னென்னவோ நினைச்சுட்டேன்..."

குபாத் நிமிர்ந்து பார்க்கவில்லை. முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். "நல்ல சீட்டாத்தான் பிடிச்சுக் கொடுத்தேன்," என்றான்.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிண்ணத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல், திரும்பிப் பெரியவரைப் பார்த்தாள்.

ஒமோர் பெரியவர் அவள் தோளைப் பிடித்து மெதுவாக உட்காரவைத்தார்.

"அந்தத் தண்ணி உனக்கும்மா."